கை மறைந்த நேரம்

எங்கள் வரிசையில் சண்டை புதிதல்ல. தண்ணீர்க் குழாய்க்கு ஒரு சண்டை, துணி காயப்போடும் கயிற்றுக்கு ஒரு சண்டை, யார் வீட்டு ரேடியோ யார் காதில் விழுகிறது என்பதற்கு ஒரு சண்டை. கத்துவார்கள், கதவைப் படாரென்று சாத்துவார்கள், சாயங்காலம் தீப்பெட்டி கேட்டு அதே கதவைத் தட்டுவார்கள். இந்த மாதிரிச் சண்டை எனக்குப் பிடிக்கும். தையல் மிஷினோடு நாளெல்லாம் உட்கார்ந்திருப்பவளுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு? ஆனால் பக்கத்து வீட்டில் நடந்தது வேறு மாதிரி. அங்கே யாரும் கத்தவில்லை. இரண்டு ஆண்கள் வாயை மூடிக்கொண்டு சண்டை போட்டார்கள். நடுவில் ஒருத்தி இரண்டு பேருக்கும் வாயாக இருந்து தொண்டை வறண்டுபோனாள்.

அந்த வீட்டில் மூன்றே பேர். கிரேன்காரர், அவர் மனைவி, மனைவியின் தம்பி. மனைவியை வரிசை முழுக்க அக்கா என்றுதான் கூப்பிடும். தம்பி வாய் ஓயாமல் அக்கா அக்கா என்று கூப்பிட்டு, அது எல்லோருக்கும் ஒட்டிக்கொண்டது. நான் அவளைவிட எவ்வளவோ மூத்தவள், நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். அவள் என்னை மிஷினம்மா என்பாள். தாய் தகப்பன் போன பிறகு தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவள். கல்யாணப் பேச்சு வந்தபோதே, தம்பியும் கூட வருவான் என்று சொல்லிவிட்டாளாம். வரட்டுமே, எனக்கும் ஒரு பேச்சுத்துணை ஆச்சு என்றாராம் கிரேன்காரர். பிள்ளை குட்டி இல்லாத வீடு. தம்பிதான் அந்த வீட்டுக்குப் பிள்ளை, அவன்தான் அவருக்குக் கூட்டாளி. இரண்டு பேரும் ஒரே பைக்கில் வேலைக்குப் போவார்கள், ஒரே பைக்கில் வருவார்கள்.

ஆற்றோரம் பெரிதாக ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே நிற்கிற உயரமான கிரேனின் உச்சியில், ஒரு ஆள் உட்காரத்தான் இடமுள்ள கண்ணாடிக் கூண்டு. காலையில் ஏணி பிடித்து ஏறினால் கிரேன்காரர் சாயங்காலம்தான் இறங்குவார். சாப்பாட்டு டப்பாவையும் மேலேயே கொண்டுபோய்விடுவார். மேலேயிருந்து பார்த்தால் மனிதர்கள் எல்லாம் வெறும் தொப்பிதான் என்பார். இரும்பு எங்கே இறங்க வேண்டும், எந்தத் தொப்பி வழியில் நிற்கிறது என்று அவருக்குச் சொல்வது தம்பியின் கை. அதனாலேயே அவனுக்கு அங்கே கைகாட்டி என்று பெயர்.

கைகாட்டுவதற்கும் சட்டம் உண்டு. உள்ளங்கை தரையைப் பார்க்க மெல்ல அசைத்தால், இறக்கு. முஷ்டியை மடக்கி உயர்த்தினால், நிறுத்து. நிறுத்தியதை மறுபடி நகர்த்த வேண்டுமென்றால் முதலில் விசில், அப்புறம்தான் கை. வாக்கி டாக்கியும் கொடுத்திருந்தார்கள், காற்றடித்தால் அதில் கரகரவென்ற சத்தத்தைத் தவிர ஒன்றும் வராது. இந்த இரண்டு பேரும் விசிலை எப்போதோ விட்டுவிட்டார்கள். "வீட்டு ஆளுக்கு என்னத்துக்கு விசில்? இவன் கை அசையறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சுடும்" என்பார் அவர். "அத்தான் பார்க்கறாரான்னு நான் அண்ணாந்து பார்க்கறதே இல்ல" என்பான் இவன். அக்காவுக்கு இதைக் கேட்டால் முகமெல்லாம் பூரிக்கும்.

அன்றைக்குக் காலையிலிருந்தே காற்று. என் கயிற்றில் கிடந்த போர்வை மூன்றாம் வீட்டு வாசலில் போய் விழுந்தது. மத்தியானத்துக்கு மேல் மழை வருவதுபோல் இருட்டிக்கொண்டு வந்து, வராமலே போனது. தம்பி தனியாக நடந்து வந்தான். சட்டையெல்லாம் ரத்தம். அக்கா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்னடா இது? எங்கடா அடி?"

"எனக்கு இல்லக்கா. கம்பி கட்டுறவருக்கு. கால் மேல கம்பிக்கட்டு இறங்கிடுச்சு. பாதம் நசுங்கிப்போச்சு. ஆஸ்பத்திரில சேர்த்துட்டு வரேன்."

"ஐயோ கடவுளே. அத்தான் எங்க?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

அவன் அத்தானைப் பற்றி அப்படிப் பேசி நாங்கள் கேட்டதில்லை. அக்கா ஈர முகத்தோடு நின்றாள்.

"நான் நிறுத்துன்னு காட்டினேன்கா. முஷ்டியைத் தூக்கிக் காட்டினேன். நின்னுச்சு. நின்ன பிறகு, நான் சொல்லாம, அவரா இறக்கிட்டாரு."

கிரேன்காரர் வெகு நேரம் கழித்து வந்தார். பைக்கை நிறுத்திவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். அக்கா போய்க் கையைப் பிடித்து இறக்க வேண்டியிருந்தது. அவர் முதலில் சொன்னது இதுதான்:

"உன் தம்பி இறக்குன்னு காட்டினான். நான் இறக்கினேன். வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது."

"அவன் நிறுத்துன்னு காட்டினதா சொல்றானே?"

"அப்ப என் கண்ணு பொய் சொல்லுதா?"

முன் அறைக்கும் உள் அறைக்கும் நடுவில் ஒரு துணித் திரைதான். இந்தப் பக்கம் சொன்னது அந்தப் பக்கம் கேட்டுத்தான் இருக்கும். தம்பி வெளியே வரவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சுவார்த்தையெல்லாம் அக்கா வழியாகத்தான். கம்பெனியில் இருவரையும் விசாரணை முடியும்வரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் உள் அறையில், இவன் முன் அறையில். குளிக்கிற இடம் பொதுவென்பதால் அதற்கும் அக்கா தூது போனாள். "சோப்பு தீர்ந்துபோச்சுன்னு அவர்கிட்ட சொல்லு" என்பான் தம்பி, அவர் காதுபடவே. "எனக்குக் காது கேக்குதுன்னு அவன்கிட்ட சொல்லு" என்பார் அவர். எனக்குச் சிரிப்பு வந்துவிடும், அக்கா முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிடும். உருளைக்கிழங்கு வதக்கினாலும் ஒன்றுதான், முட்டை பொரித்தாலும் ஒன்றுதான். தட்டு போனபடியே திரும்பி வந்தது. மனசு கேட்காமல் நானும் ஒருநாள் மீன் வாங்கிப் பொரித்துக் கொடுத்தேன். பூனைக்குத்தான் யோகம்.

யார் தப்பு என்று முடிவாகிறதோ அவருக்கு வேலை போய்விடும் என்று பேசிக்கொண்டார்கள். கிரேன்காரர் தப்பு என்றால் லைசென்ஸையும் பிடுங்கிக்கொள்வார்கள். தம்பி தப்பு என்றால் இந்தத் தொழிலில் எவனும் அவனைச் சேர்க்க மாட்டான். அக்காவின் பயம் வேலையைப் பற்றியதல்ல.

"மிஷினம்மா, இவர் பக்கம் தீர்ந்தா அவன் இந்த வீட்டுல இருக்க மாட்டான். அவன் பக்கம் தீர்ந்தா இவர் அவன் முகத்துல முழிக்க மாட்டார். யார் ஜெயிச்சாலும் என் வீட்டுல ஒரு ஆள் குறையும்."

"விசாரிக்கறவங்க ஏதாவது நியாயமா சொல்வாங்க."

"நியாயம் எனக்கு எதுக்கு? எனக்கு ரெண்டு பேரும் வேணும்."

ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நானும் அவளும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கம்பி கட்டுறவர் நல்ல உயரமான ஆள். கட்டிலுக்குள் கால் அடங்காமல் நீட்டிக்கொண்டிருந்தது. பாதத்தின் முன்பாதி இல்லை. கட்டுப்போட்ட அந்த மொட்டைப் பாதத்தைப் பார்க்காமல் இருக்கத்தான் நினைத்தேன், கண் அங்கேயே போனது. அவர் மனைவி எங்களுக்கு உட்கார இடம் விட்டு எழுந்து நின்றாள். எங்களைத் திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். நாங்கள் கொண்டுபோன ரொட்டியை வாங்கி, நன்றி சொல்லி, தலைமாட்டில் வைத்தாள்.

"அண்ணே, நீங்கதான் பக்கத்துல இருந்தீங்க" என்றாள் அக்கா. "என் தம்பி எப்படிக் காட்டினான்?"

"நான் குனிஞ்சு இருந்தேம்மா. கம்பிக்கட்டு உட்கார்றதுக்குக் கீழே கட்டை வைக்கணும். ஒரு கட்டை கோணலா இருந்துச்சு. அதைச் சரிபண்ணலாம்னு போனேன்."

"மேல வருதுன்னு தெரியலையா?"

"நிழல் தெரிஞ்சுது. நிழல் வந்துச்சு, நின்னுச்சு. எனக்காகத்தான் நிறுத்தியிருக்காங்கன்னு நினைச்சேன். அந்த தைரியத்துலதான் காலை உள்ளே வச்சேன்."

"அப்ப யார் மேல..."

"நான் யார் மேலம்மா சொல்வேன்? நான் பார்த்தது நிழலைத்தான்."

அவர் மனைவி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "நிழல் மேல கேஸ் போட முடியுமான்னு கேட்டுச் சொல்லுங்க" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அக்காவுக்கு வேலை ஒரு பெரிய லாண்டரியில். ஹோட்டல் விரிப்பும் ஆஸ்பத்திரி விரிப்பும் மூட்டை மூட்டையாக வரும். வெந்நீர் ஆவியில் சுவரெல்லாம் வியர்க்கும். உலர்ந்த விரிப்பை மடிப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு முனையைப் பிடித்து, தலைக்கு மேல் தூக்கி உதறி, எதிரெதிரே நடந்துவந்து சேர்க்க வேண்டும். அவளுக்கு ஜோடி ஒரு குண்டம்மா. அந்தத் திங்கட்கிழமை இருவரும் பெரிய விரிப்பு ஒன்றைத் தூக்கிப் பிடித்திருக்கும்போது குண்டம்மா அசையாமல் நின்றுவிட்டாள். விரிப்பில் ஏதோ கறையைப் பார்த்துவிட்டாள்போல, மறுபடி துவைக்கத்தான் போகும் என்று நினைத்து அக்கா தன் முனையை விட்டுவிட்டாள். விரிப்பு ஈரத் தரையில் விழுந்தது. "என்னடி விட்டுட்டே?" என்று கத்தினாள் குண்டம்மா. "நீதானே நின்னே?" என்றாள் அக்கா. "தும்மல் வந்துச்சு, நின்னேன். அதுக்கு நீ விட்டுடுவியா?"

விரிப்பை எடுக்கக்கூட இல்லையாம் அவள். அப்படியே நின்றுவிட்டாளாம். அன்றைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு நேராக என்னிடம்தான் ஓடி வந்தாள்.

"மிஷினம்மா, புரிஞ்சுபோச்சு! எழுந்து வாங்க, நீங்களும் இருக்கணும்."

எனக்கு அவளை அப்படிப் பார்த்ததில் சந்தோஷம். மிஷினை மூடிவிட்டுப் போனேன். திரையை விலக்கிவிட்டு இரண்டு பேரையும் சமையலறைக்குக் கூப்பிட்டாள். வந்தார்கள். ஒருவர் அலமாரிப் பக்கமும் ஒருவன் கதவுப் பக்கமும் நின்றார்கள். அவள் புருஷனிடம் ஆரம்பித்தாள்.

"நீங்க சொல்லுங்க. இறக்கிக்கிட்டு வரும்போது நடுவுல ஏன் நிறுத்தினீங்க?"

"எத்தனை தடவை சொல்றது? காத்துல கம்பிக்கட்டு திரும்பி அவனை மறைச்சுடுச்சு. கை தெரியலன்னா அந்த நிமிஷமே நிறுத்திடுவேன். அது என் வழக்கம்."

"நீ சொல்லுடா. ஏன் நின்னுச்சு?"

"நான் முஷ்டி காட்டினேன், நின்னுச்சு. கம்பி கட்டுறவர் வந்து கட்டைக்குக் குனியறதைப் பார்த்துட்டுத்தான் காட்டினேன்."

"நின்ன பிறகு நீ என்ன பண்ணினே?"

"கையை இறக்கிட்டு, அவரைத் தள்ளிப் போ தள்ளிப் போன்னு சைகை பண்ணினேன்."

"எப்படி பண்ணினே? பண்ணிக் காட்டு."

அவன் கையை நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்க, கோழியை விரட்டுவதுபோல் அசைத்தான். எனக்கே அது இறக்கு என்பதுபோல்தான் தெரிந்தது. அக்கா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகம் அப்படியொரு வெளிச்சமாக இருந்தது.

"பார்த்தீங்களா? இவர் நிறுத்தினது உன் கை மறைஞ்சதுக்காக. நீ உன் முஷ்டியைப் பார்த்துத்தான் நிறுத்தினார்னு நினைச்சுட்டே. அதான் கையை இறக்கினே. கட்டு விலகும்போது நீ அந்த ஆளை விரட்டறே. மேல இருந்து பார்க்கறவருக்கு அது இறக்குன்னு தெரியுது. ரெண்டு பேரும் பொய் சொல்லல. ரெண்டு பேர் மேலயும் தப்பில்ல."

அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. நான் அடுப்பைக் குறைத்து வைத்தேன். பிரச்சினை தீர்ந்தது என்றே நினைத்தேன்.

"நீ சொல்றது சரிதான்" என்றார் கிரேன்காரர். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப இவனே பண்ணிக் காட்டினானே. ஆளை விரட்டறதுக்கு இறக்குங்கற சைகையா காட்டறது? அதைத்தான் நான் முதல் நாளே சொன்னேன். கையைத் தப்பா காட்டிட்டான்."

"நான் உங்களுக்கா காட்டினேன்?" என்றான் தம்பி. அன்றைக்குத்தான் அவரைப் பார்த்து நேராகப் பேசினான். "கீழே இருந்தவருக்குக் காட்டினேன். நின்ன பிறகு விசில் இல்லாம எப்படி இறக்குவீங்க?"

"விசில் ஊதி எத்தனை நாள் ஆச்சு? நீ ஊதுவேன்னு நான் காத்துக்கிட்டு இருக்கணுமா?"

"மறைச்சுதுன்னு சொல்றீங்களே, அது எப்படி? எனக்கு உங்க கூண்டு நல்லாத் தெரிஞ்சுது. மேல்கண்ணாடி முழுசும் தெரிஞ்சுது. எனக்கு நீங்க தெரிஞ்சா உங்களுக்கு நான் தெரியணும் இல்ல?"

"மேல்கண்ணாடி தெரிஞ்சா? மேல்கண்ணாடிக்கா கண்ணு இருக்கு? நான் உட்கார்ந்து காலுக்கு நடுவுல கீழே பார்க்கறவன். அங்க ஏறி உட்கார்ந்து பாரு, அப்பத் தெரியும்."

"நீங்க என் இடத்துல வந்து நில்லுங்க, அப்பத் தெரியும்."

"நிறுத்துங்க" என்றாள் அக்கா. யாரும் நிறுத்தவில்லை. அவள் சொன்னதில் தனக்குச் சாதகமான பாதியை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். மற்றப் பாதியை அவள் தலையிலேயே போட்டார்கள். கடைசியில் கிரேன்காரர், "நீ அங்கே இருந்தியா? விரிப்பு மடிக்கறதும் இரும்பு தூக்கறதும் ஒண்ணா?" என்றார். தம்பி அதற்கு மட்டும் தலையாட்டினான். அந்த ஒரு விஷயத்தில் இரண்டு பேருக்கும் ஒற்றுமை.

அதன் பிறகு அவள் விளக்கம் சொல்வதை விட்டுவிட்டாள். கெஞ்ச ஆரம்பித்தாள். விசாரணையில் யார் மேலும் சொல்ல வேண்டாம், கண்ணுக்குத் தெரிந்தது இவ்வளவுதான், மற்றது தெரியாது என்று சொல்லுங்கள், அது போதும் என்று அவரிடம் கேட்டாள். தெரியாது என்று சொன்னால் லைசென்ஸ் எதற்கு என்று கேட்பார்கள் என்றார். தம்பியிடமும் கேட்டாள். தெரியாது என்று சொன்னால் காட்டவில்லை என்றுதான் எழுதுவார்கள் என்றான். அவள் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போகும் செருப்பில்லாத காலடி சுவர் வழியாக எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும். சொல்லச் சொல்ல இரண்டு பேரும் மௌனமானார்கள். தலையை அசைக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அவள் அழுதது ஏதோ செய்திருக்கிறது என்று மட்டும் எனக்குத் தோன்றியது.

விசாரணை அன்று காலையிலிருந்து தூறல். விட்டு விட்டுப் பெய்து, தெரு முழுக்கச் சகதி. ஒருவருக்கு ஒருவர் தெரியாமல் கேட்பதற்காக முன்னும் பின்னுமாக வரச் சொல்லியிருந்தார்கள். தம்பி முதலில் போனான், கிரேன்காரர் பிறகு போனார். அக்கா லீவு போட்டுவிட்டு என் வீட்டில் வந்து உட்கார்ந்தாள். ஒரு திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். அவள் துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொள்வதாகச் சொல்லி, பிடித்துக்கொண்டே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிரேன்காரர் முதலில் திரும்பி வந்தார். நனைந்திருந்தார். அக்கா துண்டை எடுத்துக்கொண்டு ஓடினாள், நானும் வாசல்வரை போனேன்.

"என்ன சொன்னீங்க?"

"என் தப்புன்னு சொல்லிட்டேன்."

அவள் கையில் துண்டு அப்படியே நின்றது. "ஏங்க?"

"நீ சாப்பிடாம, தூங்காம கிடக்கறதை எத்தனை நாள் பார்க்கறது? அவன் சின்னவன். இனிமேதான் கல்யாணம், குடும்பம்னு ஆகணும். எனக்கென்ன, மூட்டை தூக்கியாவது பிழைச்சுக்குவேன். 'அவன் சரியாத்தான் காட்டினான், முஷ்டியைப் பார்த்தேன், பார்த்தும் கவனக்குறைவா இறக்கிட்டேன்'னு எழுதிக் கொடுத்துட்டேன்."

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. எப்பேர்ப்பட்ட மனுஷன் என்று நினைத்தேன். ஆனால் அவர் கையை விடுவித்துக்கொண்டார்.

"அழாத. மீதியையும் கேட்டுட்டு அழு. எல்லாம் முடிஞ்சு எழுந்தா அந்த ஆபீஸர் சொல்றாரு, 'என்னப்பா இது, உன் மச்சினன் கொஞ்சம் முன்னாடிதான் தன் தப்புன்னு ஒத்துக்கிட்டுப் போனான்'னு. நிறுத்துன்னு காட்டவே இல்லையாம். இறக்குன்னுதான் காட்டினானாம். அவன் வாயாலயே சொல்லியிருக்கான்."

அக்காவின் முகம் மறுபடி மலர்ந்தது. "அவனும் உங்களை மாதிரியே..."

"என்ன என்னை மாதிரி? இத்தனை நாளும் என் முகத்துக்கு நேரா நின்னு முஷ்டி காட்டினேன் முஷ்டி காட்டினேன்னு சாதிச்சானே! எனக்கே ஒரு சமயம் சந்தேகம் வந்துடுச்சு, என் கண்ணுலதான் ஏதோ கோளாறோன்னு. என்னைப் பைத்தியமாக்கிட்டானே!"

"ஐயோ, அவன் உங்களுக்காகப் பொய் சொல்லியிருக்கான்."

"தன் தலையில தானே எவனாவது கல்லைப் போட்டுக்குவானா?"

"நீங்க போட்டுக்கலையா?"

"நான் உனக்காகப் பொய் சொன்னேன். அவன் ஆபீஸரைப் பார்த்ததும் பயந்துபோய் உண்மையைக் கக்கிட்டான். ரெண்டும் ஒண்ணா?"

அவர் உள்ளே போய் ஈரச் சட்டையோடு கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். கம்பெனி என்ன முடிவு சொன்னது என்று நான்தான் கேட்டேன். இரண்டு பேரும் தப்பை ஒத்துக்கொண்டதால் இரண்டு பேரும் இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். அதை அவர் பெரிதாகக்கூட எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

தம்பி வந்தபோது தூறல் விட்டிருந்தது. வழியில் எங்கோ உட்கார்ந்திருந்துவிட்டு வந்திருக்கிறான், கால்சட்டையின் பின்பக்கமெல்லாம் சகதி. யாரிடமும் பேசாமல் முன் அறைக்குள் போய்த் தன் பையை எடுத்துத் துணிகளைத் திணிக்க ஆரம்பித்தான். அக்கா பையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கடா போறே? எல்லாம் எனக்குத் தெரியும். நீ அவருக்காகத்தான் தப்பை உன் மேல போட்டுக்கிட்டே."

"ஆமா. போட்டுக்கிட்டேன்."

"அவரும் உனக்காகப் போட்டுக்கிட்டார்டா. ரெண்டு பேரும் ஒண்ணுதான்டா."

"இல்லக்கா." அவன் பையை விட்டுவிட்டுக் கீழே உட்கார்ந்தான். அவன் அழுதது எனக்குப் பொறுக்கவில்லை. "நீ சொன்னியே, கை மறைஞ்சுது, அவருக்கு நிஜமாவே தெரியலன்னு. அன்னைக்கு நான் ஒத்துக்கல. அப்புறம் தனியா படுத்து யோசிச்சேன். மேல்கண்ணாடிதானே எனக்குத் தெரிஞ்சுது, அவர் முகம் தெரியலையே, அக்கா சொல்றது சரியா இருக்கலாம்னு நினைச்சேன். பாவம், அவர் வேணும்னு செய்யல, அவர் கண்ணுல பட்டது அவ்வளவுதான்னு நினைச்சேன். அதனாலதான் போய், நான்தான் இறக்குன்னு காட்டினேன்னு சொன்னேன். வெளியே நின்னுக்கிட்டு இருந்தேன். அவர் வந்ததும் சேர்ந்து வீட்டுக்கு வரலாம்னு நின்னேன். கிளார்க் வந்து சொல்றாரு, முஷ்டியைப் பார்த்தேன்னு அவரே எழுதிக் கொடுத்துட்டாராம். பார்த்தேன்னு! பார்த்திருக்காருக்கா. பார்த்துட்டு, இத்தனை நாளும் பார்க்கலன்னு உன்கிட்ட சொல்லியிருக்காரு."

"அது பொய்டா. உன்னைக் காப்பாத்தறதுக்குச் சொன்ன பொய்."

"காப்பாத்தணும்னா முதல் நாளே காப்பாத்தியிருக்கலாமே?"

"நீ முதல் நாளே காப்பாத்தினியா?"

நான் பொறுக்க முடியாமல் உள்ளே போய், அவர் என் எதிரேதான் இதையெல்லாம் சொன்னார், உனக்காகத்தான் செய்தார் என்று சத்தியம் பண்ணினேன். அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"மிஷினம்மா, அவர் உங்ககிட்ட என்ன சொன்னாருன்னுதானே உங்களுக்குத் தெரியும்?"

அக்கா திரையை இழுத்துத் தள்ளினாள். "நீங்க வாயைத் திறந்து இவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்!" என்று புருஷனைப் பார்த்துக் கத்தினாள். அந்த வீட்டிலிருந்து நான் கேட்ட முதல் கத்தல் அதுதான். கிரேன்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். "ஒத்துக்கிட்டவன்கிட்ட இனிமே என்ன பேச்சு?" என்றார். தம்பி அதைக் கேட்டான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். அக்காவின் காலைத் தொடுவதற்குக் குனிந்தான், அவள் பின்னால் நகர்ந்துவிட்டாள். ஒரு சிநேகிதன் அறையில் தங்கிக்கொள்வதாகச் சொன்னான். எந்தத் தெரு என்று கேட்டதற்கு, பிறகு சொல்கிறேன் என்றான். சகதியில் செருப்பு சிக்கிச் சிக்கி, தெருமுனை வரைக்கும் மெதுவாகத்தான் போனான். அவள் கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும்.

வாசற்படியில் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கயிற்றில் மறந்து விட்டிருந்த யாருடைய துணியோ சொட்டிக்கொண்டிருந்தது.

"மிஷினம்மா, இத்தனை நாளும் ரெண்டு பேரும் உண்மையைத்தான் சொன்னாங்க. ஒருத்தர் சொன்னதை ஒருத்தர் நம்பல. இன்னைக்கு எனக்காகன்னு போய் ஆளுக்கொரு பொய்யைச் சொன்னாங்க. அதை மட்டும் ரெண்டு பேரும் நம்பிட்டாங்க."

நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். உள்ளேயிருந்து கிரேன்காரர், "போயிட்டானா?" என்று கேட்டார்.

"போயிட்டான்" என்றாள்.

"அப்ப சோறு போடு" என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. அவரும் அழுதிருக்கிறார் என்று தெரிந்தது. அக்கா, வரேன் என்று சொல்லிவிட்டு, அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.